தோல் நலமும் வீட்டுப் பராமரிப்பும்

நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால், அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். நோய்க்கிருமிகள் உடலுக்குள் நுழையாமல் தடுப்பது, உடலின் நீர் ஆவியாகி வீணாகாமல் காப்பது, வியர்வையின் வழியாக உடல் வெப்பத்தைத் தணிப்பது, தொடுதலையும் வலியையும் உணர்வது எனப் பல வேலைகளை அது ஓயாமல் செய்து வருகிறது. மேல்தோலின் உயிரணுக்கள் ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. இதனால்தான் சிறு கீறல்களும் சிராய்ப்புகளும் தாமாகவே ஆறிவிடுகின்றன.

ஆயினும், நம் நாட்டின் தட்பவெப்பநிலை தோலுக்குப் பெரிய சோதனையாகவே இருக்கிறது. மலேசியா நிலநடுக்கோட்டுக்கு அருகில் அமைந்துள்ளது. பகல் நேர வெப்பநிலை பெரும்பாலும் 30 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. காற்றின் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நம் வியர்வை எளிதில் உலர்வதில்லை. காலையில் அணிந்த சீருடையோடு மாலைப் புறப்பாட நடவடிக்கை வரை இருக்கும் மாணவர்களின் முதுகும் அக்குளும் கால்விரல் இடுக்குகளும் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கின்றன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடமே பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் மிகவும் பிடித்த இடம்.

ஆகவே, தோலில் அரிப்போ தடிப்போ பருவோ வராத மாணவர்களைக் காண்பது அரிது. இவற்றுள் பலவற்றை வீட்டிலேயே குணப்படுத்தலாம். ஆனால், எதை வீட்டில் குணப்படுத்தலாம், எதற்கு மருத்துவரை நாட வேண்டும் என்ற தெளிவு நமக்கு இருக்க வேண்டும்.

நோய் எது? காரணம் எது?

திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் உண்டு. நோய் இன்னதென்று முதலில் ஆராய வேண்டும். பிறகு அதன் காரணத்தை அறிய வேண்டும். அதன் பின்னரே அதைத் தணிக்கும் வழியைக் கண்டு தவறாமல் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் முறை. தோல் நோய்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். ஏனெனில், வெவ்வேறு காரணங்களால் வரும் நோய்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அரிக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பைத் தடவினால், ஒரு நோய் தணியும். மற்றொரு நோய் முற்றிவிடும்.

எனவே, மருந்தைத் தேடும் முன் நான்கு கேள்விகளை நாமே கேட்டுக்கொள்ளலாம். தடிப்பு உடலின் எந்தப் பகுதியில் வந்துள்ளது? அதன் வடிவம் எப்படி இருக்கிறது? அரிப்பு எந்த நேரத்தில் அதிகமாகிறது? வீட்டிலோ விடுதியிலோ வேறு யாருக்கும் அது இருக்கிறதா? இந்நான்கு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகளே நோயை அடையாளம் காண உதவும்.

வேர்க்குரு

வெப்பமான நாள்களில் கழுத்து, முதுகு, மார்பு, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் ஊசிமுனை அளவில் சிவந்த சிறு பருக்கள் கூட்டமாகத் தோன்றும். குத்துவது போன்ற அரிப்பும் இருக்கும். இதுவே வேர்க்குரு. வியர்வைச் சுரப்பியின் குழாய் அடைபட்டு, வியர்வை வெளியேற வழியின்றித் தோலுக்குள்ளேயே தேங்குவதால் இது உண்டாகிறது.

காரணம் தெரிந்துவிட்டால் தீர்வும் தெளிவாகிவிடும். வியர்ப்பதைக் குறைக்க வேண்டும். அடைப்பை நீக்க வேண்டும். குளிர்ந்த நீரில் குளித்து, உடலை நன்கு ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தி ஆடை அணிய வேண்டும். காற்றோட்டமான இடத்திலோ மின்விசிறிக்கு அடியிலோ சிறிது நேரம் இருக்க வேண்டும். அரிப்பு அதிகமானால், மருந்தகங்களில் கிடைக்கும் கேலமைன் கரைசலைத் தடவலாம். பெரும்பாலும் சில நாள்களில் வேர்க்குரு மறைந்துவிடும்.

பலர் வேர்க்குருவின் மேல் முகப்பூச்சு மாவைக் குவியலாகக் கொட்டிக்கொள்கின்றனர். வியர்வையோடு கலந்த மாவு பசைபோலாகித் துளைகளை மேலும் அடைக்கக்கூடும். கெட்டியான எண்ணெயும் களிம்பும் அப்படியே. வேர்க்குருவுக்குத் தேவை பூச்சு அன்று, காற்று.

தேமல்

முதுகிலும் மார்பிலும் தோளிலும் கழுத்திலும் வெளிறிய திட்டுகள் தோன்றுகின்றன. சிலருக்கு அவை பழுப்பு நிறத்திலும் இருக்கும். நகத்தால் மெதுவாகச் சுரண்டினால் மாவு போன்ற செதில்கள் உதிரும். இதைத் தமிழில் தேமல் என்றும் மலாய்மொழியில் 'பானாவ்' என்றும் கூறுகிறோம்.

தேமல் உள்ளவர் தூய்மையற்றவர் என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. இது தவறு. தேமலை உண்டாக்கும் மலசீசியா என்னும் நுண்ணுயிரி, பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. அது ஏறக்குறைய எல்லாருடைய தோலிலும் தீங்கின்றி வாழ்கிறது. வெப்பம், வியர்வை, எண்ணெய்ப்பசை ஆகியவை மிகும்போது அது அளவுக்கு மீறிப் பெருகித் தோலின் நிறத்தை மாற்றுகிறது. தேமல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

செலினியம் சல்பைடு அல்லது கீட்டோகோனசோல் கலந்த தலைக்கழுவி தேமலுக்கு நல்ல மருந்தாகும். பெயர் தலைக்கழுவியாக இருந்தாலும், தேமல் உள்ள இடங்களில் அதைத் தடவிச் சில நிமிடங்கள் விட்டுக் கழுவ வேண்டும். செலினியம் சல்பைடு கரைசலைப் பொதுவாகப் பத்து நிமிடங்கள் தோலில் விட்டு, நாளுக்கு ஒருமுறையாக ஏழு நாள்கள் பயன்படுத்துவர். சரியான முறையை மருந்தாளுநரிடம் கேட்டு அறிந்துகொள்வது நன்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து பூஞ்சையை ஒடுக்கிய பிறகும் வெளிறிய நிறம் உடனே மாறாது. பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள்கூட ஆகலாம். இதை அறியாத பலர், மருந்து பயனளிக்கவில்லை என்று எண்ணி, ஒன்று மாற்றி ஒன்றாக வெவ்வேறு களிம்புகளைத் தேடி அலைகின்றனர். செதில் உதிர்வது நின்றுவிட்டால், மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது என்பதே பொருள்.

படர்தாமரையும் சேற்றுப்புண்ணும்

படர்தாமரை வட்ட வடிவில் தோன்றும். அதன் ஓரம் சிவந்து, சற்று உயர்ந்து, செதிலாக இருக்கும். நடுப்பகுதி தெளிந்து காணப்படும். வட்டம் நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போகும். தாமரை இலை குளத்தில் படர்வதுபோல் தோலில் படர்வதால் இப்பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது. மலாய்மொழியில் இது 'குராப்' எனப்படும். இதே வகைப் பூஞ்சை கால்விரல் இடுக்குகளில் வந்தால் அதைச் சேற்றுப்புண் என்கிறோம். அங்கே தோல் வெளுத்து, ஊறி, வெடித்து, நாற்றமும் எரிச்சலும் உண்டாகும்.

தேமலைப் போலன்றி, இவை தொற்றும் நோய்கள். துண்டு, காலுறை, விளையாட்டுச் சட்டை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வதால் பரவும். பூனை, நாய் முதலிய வளர்ப்புப் பிராணிகளிடமிருந்தும் படர்தாமரை வரலாம். வீட்டுப் பூனையின் உடலில் முடி கொட்டிய வட்டத் திட்டு காணப்பட்டால், அதற்கும் சிகிச்சை தேவை.

குளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினாஃபின் ஆகியவை பூஞ்சையை எதிர்க்கும் களிம்புகள். இவற்றைப் பயன்படுத்தும்போது மூன்று விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

முதலாவது, தடிப்பின் மேல் மட்டும் தடவினால் போதாது. அதன் ஓரத்தைத் தாண்டி இரண்டு செண்டிமீட்டர் வரை தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வட்டத்துக்கு வெளியேயும் பூஞ்சை பரவியிருக்கும்.

இரண்டாவது, அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்தக்கூடாது. தடிப்பு மறைந்த பிறகும், உறையில் குறிப்பிட்ட காலம் முடியும்வரை தொடர வேண்டும். மருந்தின் வகைக்கேற்ப இது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை நீளும். பாதியில் நிறுத்துவதே படர்தாமரை மீண்டும் மீண்டும் வருவதற்கு முக்கியக் காரணமாகும்.

மூன்றாவது, அந்த இடத்தை உலர்வாக வைத்திருக்க வேண்டும். குளித்த பின் விரல் இடுக்குகளைத் தனித்துண்டால் துடைக்க வேண்டும். காலுறையை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஒரே காலணியைத் தொடர்ந்து அணியாமல், முடிந்தால் இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணிந்து, மற்றதை வெயிலில் உலர்த்த வேண்டும். மருந்து பூஞ்சையை அழிக்கும். ஆனால், ஈரமான காலணி அதை மீண்டும் அழைத்து வந்துவிடும்.

சொறி சிரங்கு

பகலில் ஓரளவு தாங்கக்கூடிய அரிப்பு, இரவில் படுத்தவுடன் தூங்கவிடாத அளவுக்கு மிகுந்தால், அது சொறி சிரங்காக இருக்கலாம். விரல் இடுக்குகள், மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் சிறு பருக்களும் மெல்லிய கோடுகளும் தோன்றும். ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு சிற்றுண்ணி, மேல்தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடுவதே இதற்குக் காரணம். உலகச் சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டு, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதனையும் சேர்த்தது.

நெருங்கிய உடல் தொடர்பால் இது பரவுகிறது. பலர் ஒரே அறையில் படுத்துறங்கும் மாணவர் விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் விரைவில் பரவிவிடும். முதன்முறையாகத் தொற்றும் ஒருவருக்கு அரிப்பு தொடங்க இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை தமக்கு நோய் இருப்பதை அறியாமலேயே அவர் மற்றவர்களுக்கும் பரப்பக்கூடும்.

மருத்துவரோ மருந்தாளுநரோ பொதுவாகப் பரிந்துரைப்பது ஐந்து விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. அதை அரிக்கும் இடத்தில் மட்டுமன்றிக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரல் இடுக்குகளிலும் நகத்தின் அடியிலும் விடாமல் தடவ வேண்டும். இரவில் தடவி, எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரத்துக்குப் பின் மறுமுறையும் அவ்வாறே செய்ய வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் மருத்துவரின் ஆலோசனையின்படியே சிகிச்சை அளிக்க வேண்டும்.

இச்சிகிச்சை பயனளிப்பதும் வீணாவதும் ஒரு நிபந்தனையைப் பொறுத்தது. அரிப்பு உள்ளவர் மட்டுமன்றி, அவரோடு ஒரே வீட்டில் அல்லது ஒரே விடுதி அறையில் வசிக்கும் அனைவரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும். அறையில் உள்ள எட்டுப் பேரில் ஒருவர் விடுபட்டாலும், சில வாரங்களில் நோய் மற்ற எழுவரிடமும் திரும்பிவிடும். அன்றே படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, உடுத்திய ஆடை ஆகியவற்றைச் சூடான நீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். மனிதத் தோலை விட்டுப் பிரிந்த சிற்றுண்ணி பொதுவாக இரண்டு, மூன்று நாள்களுக்கு மேல் உயிர் வாழ்வதில்லை.

சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை அரிப்பு நீடிக்கலாம். இறந்த சிற்றுண்ணிகளுக்கு உடல் காட்டும் எதிர்வினையே இது. இதற்கு அஞ்சி நாள்தோறும் மருந்தைத் தடவினால் தோல் புண்ணாகிவிடும்.

முகப்பரு

பதின்ம வயதில் உடலில் ஏற்படும் இயக்குநீர் மாற்றங்களால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. இந்த எண்ணெயும் இறந்த உயிரணுக்களும் சேர்ந்து மயிர்த்துளையை அடைக்கின்றன. அடைப்புக்குள் பாக்டீரியாக்கள் பெருகும்போது பரு சிவந்து வீங்குகிறது. முகத்தைச் சரியாகக் கழுவாததால்தான் பரு வருகிறது என்பது உண்மையன்று. அடைப்பு தோலின் மேற்பரப்பில் அன்று, துளையின் உள்ளே ஏற்படுகிறது. ஆதலால், நாளுக்குப் பத்து முறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் பரு போகாது; தோல் வறண்டு எரிச்சல்தான் மிஞ்சும்.

காலையும் மாலையும் மென்மையான கழுவியால் முகத்தைக் கழுவுவது போதும். வியர்க்க விளையாடிய பின்னும் கழுவிக்கொள்ளலாம். மிதமான பருக்களுக்கு 2.5 அல்லது 5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு களிம்பு பயன்தரும். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்லிய பூச்சாகத் தடவிப் பார்க்க வேண்டும். அது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும் தன்மை உடையது. எனவே, வெள்ளைத் துண்டைப் பயன்படுத்துவது நல்லது. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும் என்பதால் பொறுமை தேவை.

பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் நிலையான தழும்பை உண்டாக்கும். எலுமிச்சைச் சாறு, பற்பசை ஆகியவற்றைத் தடவும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். எலுமிச்சைச் சாற்றின் அமிலம் தோலைப் புண்ணாக்கும். அதன் மேல் வெயில் பட்டால் கருமையான தழும்பு ஏற்படவும் கூடும். வலிக்கும் பெரிய கட்டிகளாகப் பரு வந்தாலும், தழும்புகள் தோன்றத் தொடங்கினாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும்.

வறண்ட தோலும் கரப்பானும்

சிலருக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் தோல் தடித்து, வறண்டு, விடாமல் அரிக்கும். இதைக் கரப்பான் என்றும் எக்ஸிமா என்றும் கூறுவர். இது தொற்றுநோய் அன்று. பல வேளைகளில் ஆஸ்துமா, ஒவ்வாமை ஆகியவற்றோடு சேர்ந்து, குடும்ப வழியாகவும் வருகிறது.

இத்தகைய தோலில் உள்ள பாதுகாப்புச் சுவர் பலவீனமானது. செங்கற்களுக்கு இடையே பூச்சு உதிர்ந்த சுவரைப் போல, உள்ளே இருக்கும் ஈரம் கசிந்துவிடுகிறது. வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள்கள் நுழைகின்றன. ஆகவே, வீட்டில் செய்ய வேண்டிய முதல் பணி ஈரத்தைக் காப்பதே. வெந்நீரில் நீண்ட நேரம் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும். குளித்ததும் உடலைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, சில நிமிடங்களுக்குள் நறுமணம் கலக்காத ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும். வீக்கமும் சிவப்பும் அதிகமானால், மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பைக் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

களிம்பின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வளர்ந்த ஒருவரின் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவுள்ள பரப்புக்குப் போதுமானது.

முன்னோர் வைத்தியம்

வேப்பிலை, மஞ்சள், தேங்காய் எண்ணெய், கற்றாழை என நம் வீட்டுப் பெரியவர்கள் தோலுக்குப் பயன்படுத்தும் பொருள்கள் பல. இவற்றை முழுவதும் ஒதுக்கிவிடவும் வேண்டியதில்லை. கண்மூடி நம்பவும் வேண்டியதில்லை. தூய தேங்காய் எண்ணெய் வறண்ட தோலின் ஈரத்தைக் காக்க உதவுகிறது. கற்றாழையின் சோறு, வெயிலால் கன்றிய தோலுக்குக் குளிர்ச்சி தருகிறது. மலாய்க்காரர்கள் 'கெலெங்காங்' என்று அழைக்கும் சீமை அகத்தியின் இலை, இந்த வட்டாரம் முழுவதும் படர்தாமரைக்கு மருந்தாகப் பயன்பட்டு வந்துள்ளது. அவ்விலையில் பூஞ்சையை எதிர்க்கும் பொருள்கள் இருப்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன.

எனினும், ஒரே பொருள் எல்லா நோய்க்கும் பொருந்தாது. தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நன்மை செய்யும். பரு நிறைந்த முகத்தில் துளைகளை அடைத்துவிடும். மேலும், அரைத்த இலையில் மருந்தின் அளவு எவ்வளவு என்று கூற இயலாது. கழுவாத அம்மியும் அழுக்குக் கையும் புண்ணில் புதிய கிருமிகளைச் சேர்க்கலாம். எனவே, வெடித்த தோலிலும் திறந்த புண்ணிலும் இலைச்சாற்றைத் தடவக்கூடாது. எந்தப் பொருளையும் முதலில் முன்னங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஒருநாள் காத்திருந்து, எரிச்சல் இல்லையென்று உறுதி செய்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

பெயரில்லாத களிம்புகள்

வீட்டு மருத்துவத்தின் பேரால் பெரிய கேட்டை விளைவிப்பவை, இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கப்படும் பெயரில்லாத களிம்புகளே. 'மூன்று நாளில் அரிப்பு போகும்', 'ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும்' என்று அவை விளம்பரம் செய்யப்படுகின்றன.

இவற்றுள் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு மறைமுகமாகக் கலக்கப்பட்டிருக்கும். ஸ்டீராய்டு, உடலின் எதிர்ப்பு வினையை அடக்கி அரிப்பையும் சிவப்பையும் உடனே குறைக்கும். படர்தாமரை உள்ள ஒரு மாணவர் அதைத் தடவினால், இரண்டே நாளில் அரிப்பு குறைந்துவிடும். அவர் குணமடைந்துவிட்டதாக மகிழ்வார். ஆனால், எதிர்ப்பு அடங்கிய தோலில் பூஞ்சை தடையின்றிப் பெருகும். களிம்பை நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிய அளவில் தடிப்பு வெளிப்படும். வட்ட வடிவமும் சிதைந்துவிடுவதால் மருத்துவருக்கே அதை அடையாளம் காண்பது கடினமாகிவிடும். நீண்ட நாள் தடவினால் தோல் மெலிந்து, நிலையான வரித்தழும்புகளும் ஏற்படும்.

முகத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. பாதரசம் தோலின் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும் நச்சுப்பொருள். அதைப் பூசிய தாயின் கையிலிருந்தும் துண்டிலிருந்தும் வீட்டிலுள்ள சிறு குழந்தையையும் அது சென்றடையலாம். இயல்பான நிறம் ஒரு நோயன்று. அதற்கு மருந்தும் தேவையில்லை.

களிம்பை வாங்கும் முன் உறையைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துகளின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அழகுசாதனப் பொருள்களுக்கு 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அகப்பக்கத்தில் சரிபார்க்கலாம். எண்ணும் இல்லை, தயாரிப்பாளர் பெயரும் இல்லை, உள்ளடங்கிய பொருள்களின் பட்டியலும் இல்லையென்றால், அக்களிம்பை வாங்காமல் திரும்புவதே அறிவுடைமை.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

வீட்டுப் பராமரிப்புக்கு ஓர் எல்லை உண்டு. கீழ்க்காணும் அறிகுறிகள் தோன்றினால் தாமதிக்கக்கூடாது.

• காய்ச்சலோடு தடிப்பு தோன்றுதல். நம் நாட்டில் இது டிங்கிக் காய்ச்சலின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

• தோல் சிவந்து, சூடாகி, வலியோடு விரைந்து பரவுதல், சீழ் வடிதல்.

• புதிய மருந்து உட்கொண்ட பின் கொப்புளங்களோ வாய்ப்புண்ணோ கண் சிவப்போ தோன்றுதல்.

• வெளிறிய அல்லது சிவந்த திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருத்தல்.

• மச்சத்தின் வடிவம், நிறம், அளவு மாறுதல் அல்லது அதிலிருந்து இரத்தம் கசிதல்.

• முறையாக மருந்து தடவியும் இரண்டு வாரங்களில் முன்னேற்றம் இல்லாமை.

உதடும் முகமும் திடீரென வீங்கி மூச்சுத்திணறல் ஏற்பட்டால், அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

மறைப்பதால் வளரும் நோய்

தோல் நோய் உள்ளவர்கள் தாமதமாகச் சிகிச்சை பெறுவதற்குப் பணம் மட்டுமே காரணமன்று. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கான வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். வெட்கமே பலரைத் தடுத்து நிறுத்துகிறது. நண்பர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சி நீண்ட கைச்சட்டைக்குள் தடிப்பை மறைக்கும் மாணவர்கள் உள்ளனர். சொறி சிரங்கை மறைக்கும் ஒருவரால் விடுதி முழுவதும் தூக்கமிழக்கிறது. படர்தாமரையை மறைக்கும் ஒருவர், யாரிடமும் கேட்க முடியாமல் பெயரில்லாத களிம்பை வாங்குகிறார்.

இந்த அச்சத்துக்கு நம் நாட்டின் வரலாற்றிலும் சான்று உண்டு. 1930-ஆம் ஆண்டு சுங்கை பூலோவில் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. அக்காலத்தில் நோயுற்றோர் சட்டப்படி குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். பிரிவுக்கு அஞ்சி நோயை மறைத்தவர்களின் நரம்புகள் கெட்டு, கைகால்கள் ஊனமுற்றன. இன்றோ தொழுநோய் சில மாதங்கள் கூட்டு மருந்து உட்கொண்டால் முற்றிலும் குணமாகும் நோயாகிவிட்டது. மருந்து கிடைத்துவிட்டது, வெட்கம்தான் இன்னும் முழுமையாகப் போகவில்லை.

ஆகவே, தோலில் மாற்றம் கண்டால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ தயங்காமல் கூறுங்கள். நண்பரின் கையில் தடிப்பைக் கண்டால் கேலி செய்யாமல், மருந்தகத்துக்கோ சுகாதார நிலையத்துக்கோ அவருடன் துணையாகச் செல்லுங்கள். துண்டையும் காலுறையையும் பகிர வேண்டாம். நோயைப் பற்றி அறிந்ததைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம்.